ஸ்வால்பார்டில் கப்பலோடு ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளில் ஊரை விட்டு வெளியே போகச் சாலை கிடையாது. கோடையில் சிறு கப்பலில் தங்கி, காலையும் மதியமும் ரப்பர் படகில் கரைக்குப் போய்த்தான் சுற்றிப்பார்க்க வேண்டும்.

விசாவை முதலில் கவனியுங்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்புதான் ஷெங்கன்; ஸ்வால்பார்டு அதன் எல்லைக்குள் வராது. ஆஸ்லோ வழியாகத் திரும்பும்போது ஷெங்கனுக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். அதனால் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இருமுறை நுழையும் விசாவாவது வேண்டும்.

1. உடுத்துவது. பருத்தி பனியன் வேண்டாம். ஈரமானால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே கம்பளித் தெர்மல், மேலே ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை நூல் சட்டை, அதற்கும் மேலே தண்ணீர் புகாத கோட்டும் பேன்ட்டும். பேன்ட்டின் கால் கம்பூட்டுக்கு வெளியே தொங்கட்டும். உள்ளே செருகினால் அலைத்தண்ணீர் நேராகப் பாதத்துக்கு இறங்கும். கேமரா பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள், குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

2. சுத்தம். பூட்ஸ் அடியிலும் பை ஓரங்களிலும் ஒட்டிய விதை, மண் எல்லாவற்றையும் தேய்த்து எடுங்கள். வெளியூர்ச் செடி அங்கே வேர் பிடிக்கக் கூடாது.

3. படகில் ஏறுவது. இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். கைகுலுக்குவதுபோல் பிடிக்காதீர்கள், மாலுமியின் முன்கையை நீங்கள் பிடிக்க, உங்கள் முன்கையை அவர் பிடிப்பார். ஒருவர் பிடி வழுக்கினாலும் மற்றவர் பிடி நிற்கும். படகின் காற்றடைத்த ஓரத்தில் ஒரு கால், அப்புறம் உள்ளே, உடனே உட்கார்ந்து நகர்ந்து போங்கள்.

4. கரையில். துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியை விட்டு விலக வேண்டாம், பனிக்கரடி எங்கும் வரலாம். 2025 முதல் கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். துருப்பிடித்த ஆணியைக்கூட எடுக்காதீர்கள்: 1946-க்கு முன் மனிதர் விட்டுப்போனவை எல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

5. பறவைப் பாறை. ஹின்லோப்பன் நீரிணையில் இருக்கும் ஆல்கேஃபியெல்லெட்டுக்கு உங்கள் கப்பல் போனால் அந்தப் படகுப் பயணத்தைத் தவறவே விடாதீர்கள். செங்குத்தான கரும்பாறையின் விளிம்புகளில் கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாகக் கில்லிமாட் பறவைகள் ஆயிரம் ஆயிரமாக நெருக்கியடித்து நிற்கும். கூடு கிடையாது; முட்டை வெறும் பாறையில்தான். குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், இறக்கை முற்றும் முன்பே கடலுக்குக் குதிக்கும். அதைக் கூட்டிக்கொண்டு நீந்திப் போவது அப்பா பறவை. கடலைத் தொடாமல் கரையில் விழும் குஞ்சுக்கு நரி காத்திருக்கும். அந்த நேரத்தில் கேமராவை இறக்கிவிட்டு, ஒரே ஒரு குஞ்சைக் கண்ணால் தொடருங்கள். தொப்பியைக் கழற்றாதீர்கள், மேலிருந்து எச்சம் விழும்.

6. இரவு. சாப்பாட்டுக்கு முன் மறுநாள் திட்டத்தைச் சொல்வார்கள். பனிக்கட்டியும் காற்றும் அதை மாற்றிவிடலாம். கோடையில் சூரியன் மறையாததால் தூங்கும்போது கண்ணை மறைக்கக் கண்பட்டை எடுத்துப்போங்கள். கோட்டும் பூட்ஸும் அறைக் கதவருகே இருக்கட்டும்: கரடி தெரிகிறது என்று ஒலிபெருக்கியில் அழைப்பு வந்தால், அது அதிகாலை இரண்டு மணியாகவும் இருக்கலாம்.