பார்க்கின்சன் உள்ளவருக்கு இரும்பு மாத்திரை: எப்போது, எப்படி, எதோடு சேர்க்கக் கூடாது

மூளையில் இரும்பு சேர்வதற்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு உண்டு என்று படித்துவிட்டு, டாக்டர் எழுதிய இரும்பு மாத்திரையை அப்படியே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முருங்கைக்கீரையும் பேரீச்சையும்கூட வீட்டில் தடையாகிவிடும். மறுபக்கம், ஆள் சோர்ந்து கிடக்கிறாரே என்று பரிசோதனை எதுவும் செய்யாமல் இரும்பு டானிக் வாங்கிவந்து, காலை சின்டோபாவோடு (மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா அடங்கிய பார்க்கின்சன் மாத்திரை) சேர்த்தே கொடுப்பவர்களும் உண்டு. இரண்டிலும் பாதிக்கப்படுவது நோயாளிதான்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். ரத்தத்தில் உள்ள இரும்பின் கணக்கு வேறு, மூளையில் உள்ள இரும்பின் கணக்கு வேறு. மூளைக்குள் எவ்வளவு இரும்பு போகலாம் என்பதை ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு கட்டுப்படுத்துகிறது. சாப்பிட்ட கீரை நேராக மூளையில் போய்ப் படிவதில்லை. பார்க்கின்சனில் இரும்பு கூடுவது நடுமூளையில் உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதியில். உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கவே இரும்பு தேவை என்பதால் அங்கே இயல்பாகவே இரும்பு அதிகம். அதைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பகுதிக்குக் கருமை தரும் நியூரோமெலனின் என்ற நிறமி. செல் சாகும்போது இரண்டும் வெளியே கொட்டுகின்றன. பக்கத்தில் காவல் இருக்கும் மைக்ரோகிளியா செல்கள் அதைப் பார்த்துச் சீறுகின்றன, அழற்சி கூடுகிறது. அழற்சியில் இருக்கும் மைக்ரோகிளியா இன்னும் இரும்பை இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. கட்டுக்குள் இல்லாத இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து செல் சவ்வின் கொழுப்பை அரிக்க, அடுத்த செல் சாகிறது. இந்தச் சுழலில் இரும்பு எந்த அளவுக்குக் காரணம், எந்த அளவுக்கு விளைவு என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

அப்படியானால் இரும்பை வெளியே இழுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அதைச் செய்தே பார்த்தார்கள். அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் இரும்பு கூடிவிடும் தலசீமியா நோயாளிகளுக்கு அதை வெளியேற்றத் தரும் டெஃபெரிப்ரோன் மருந்தை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வு அது. லெவோடோபா இன்னும் தொடங்காத 372 பேர், 36 வாரம். முடிவு 2022 டிசம்பரில் வெளிவந்தது. ஸ்கேனில் மூளையின் இரும்பு குறைந்தது உண்மை. ஆனால் மருந்து எடுத்தவர்களின் நடுக்கமும் இறுக்கமும் மற்றவர்களைவிட மோசமாயின. டோபமைன் தயாரிக்கும் நொதிக்கே இரும்பு வேண்டும், அதையும் சேர்த்துப் பறித்துவிட்டது என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். சிலருக்கு வெள்ளணுக்களும் ஆபத்தான அளவுக்குக் குறைந்தன. ஆகவே 'உடலில் உள்ள உலோகத்தை வெளியேற்றும் சிகிச்சை' என்று யார் விளம்பரம் செய்தாலும் பார்க்கின்சனுக்காக அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இரும்பு உண்மையிலேயே குறைவா?

ஹீமோகுளோபின் மட்டும் போதாது. ஃபெரிட்டின் (இரும்பின் கையிருப்பு), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது), சி.ஆர்.பி. (அழற்சியின் அளவு) மூன்றையும் ஒரே ரத்த மாதிரியில் கேட்டு எடுங்கள். சி.ஆர்.பி. எதற்கு என்றால், ஃபெரிட்டின் இரும்பின் கையிருப்பை மட்டும் காட்டுவதில்லை, உடலில் அழற்சி இருந்தாலும் தானாக ஏறும். சிறுநீர்த் தொற்றோ நெஞ்சுச்சளியோ இருக்கும் நேரத்தில் ஃபெரிட்டினை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பார்ப்போம். ஹீமோகுளோபின் 10.8. ஃபெரிட்டின் 60. லேப் தாளில் எதிரே 20 முதல் 250 வரை சரி என்று அச்சிட்டிருப்பதால், 60-க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்காது. 'இரும்பு சரியாத்தான் இருக்கு' என்று தாளை மடித்து வைத்துவிடுவோம். ஆனால் அதே தாளின் அடுத்த பக்கத்தில் சி.ஆர்.பி. 24, அதாவது அழற்சி இருக்கிறது; சாச்சுரேஷன் 11 சதவீதம், அதாவது குறைவு. இப்போது கதை மாறுகிறது. அழற்சி இல்லாத பெரியவருக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வரையறை. தொற்றோ அழற்சியோ இருந்தால் அந்த எல்லை 70. நடைமுறையில் பல டாக்டர்கள் அழற்சி இல்லாவிட்டாலும் 30-க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் தாளில் உள்ளவருக்கு இரும்பு குறைவுதான்.

குறைவு என்று தெரிந்தால் மாத்திரைக்கு முன் இன்னொரு கேள்வி: எங்கே போகிறது? வயதானவருக்கு இரும்பு குறைந்தால் வயிறு, குடலில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் போடும் வலி மாத்திரை வயிற்றில் புண்ணாக்கியிருக்கலாம். (அழற்சியைக் குறைத்தால் பார்க்கின்சன் மெதுவாகும் என்று நினைத்து ஐபூப்ரோஃபென் தினமும் போடுவதும் வேண்டாம். நோய் வந்தபின் அது பலன் தரும் என்று நிரூபணம் இல்லை. வயிறும் சிறுநீரகமும் கெடும் ஆபத்துதான் கூடும்.)

இரவில் கால் குறுகுறுத்துத் தூங்கவிடாத தொல்லை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தக் கோளாறில் மூளை இரும்பு குறைவாக இருக்கும். ரத்தசோகை இல்லாவிட்டாலும் ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுப்பதைப் பரிசீலிப்பார்கள்.

லெவோடோபாவையும் இரும்பையும் பிரிப்பது

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. காலை மாத்திரைகளை எல்லாம் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இரும்பும் லெவோடோபாவும் வயிற்றில் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், குடல் உறிஞ்சாது. ரத்தத்தில் சேரும் லெவோடோபா பாதியாகக்கூடக் குறையலாம். அதே மாத்திரையில் லெவோடோபாவுக்குத் துணையாக இருக்கும் கார்பிடோபாவும் குறையும். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும், சட்டைப் பொத்தான் போட முடியாது. மருந்து வேலை செய்யவில்லை என்று டோஸைக் கூட்டுவார்கள். பிறகு யாரோ இரும்பை நிறுத்தியதும், கூட்டிய டோஸ் முழுதாக ஏறி, கை கால் தானாக நெளிய ஆரம்பிக்கும். இப்படிக் கூட்டியிருந்தால், இரும்பைப் பிரிக்கும் முன்பே நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இடைவெளி குறைந்தது 2 மணி நேரம், முன்னும் பின்னும். பார்க்கின்சனில் இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்பதால் 3 மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. லெவோடோபாவின் வேலையை நீட்டிக்கத் தரும் என்டகபோன் எடுப்பவர்களுக்கும் இதே விதி, அந்த மருந்தும் இரும்பைப் பிடிக்கும்.

லெவோடோபா காலை 6, 11, மாலை 4, இரவு 8 என்று வைத்துக்கொள்வோம். இரும்புக்குப் பகல் 1.30 பொருந்தும், இரு பக்கமும் இரண்டரை மணி நேரம் கிடைக்கிறது. இரவு 10.30-க்கும் கொடுக்கலாம், ஆனால் படுக்கும்போது நீடித்த வகை லெவோடோபா இருந்தால் முடியாது. எந்த நேரமானாலும் உட்கார வைத்து, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு கொடுங்கள், அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். அப்படிப்பட்டவருக்குச் சிரப் கேளுங்கள். டீ, காபி, பால் ஒரு மணி நேரம் தள்ளி. எலுமிச்சைச் சாறு சேரலாம்.

தினமும் தேவையா என்றும் கேளுங்கள். 60 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த 24 மணி நேரம் குடலின் கதவைச் சாத்திவிடுகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சுவது கூடுகிறது, வயிற்றுத் தொல்லை குறைகிறது. பார்க்கின்சன் வீட்டில் லெவோடோபாவோடு மோதும் நாளும் பாதியாகிறது. எங்கள் கருத்தில் இதுவே முதலில் முயல வேண்டியது. அட்டையில் போட்டிருக்கும் இரும்பு உப்பின் எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபெரஸ் ஃப்யூமரேட் 200 மில்லிகிராமில் உண்மையான இரும்பு சுமார் 65 மில்லிகிராம்தான்.

ஒளிந்திருக்கும் இரும்பு

மல்டிவைட்டமின் அட்டையின் பின்புறம் ஃபெரஸ், ஃபெரிக், கார்போனைல் அயர்ன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். சத்துமாவுப் பானங்கள் பலவற்றில் இரும்பு சேர்க்கப்பட்டிருக்கும். அதைப் பாலில் கலந்து லெவோடோபாவோடு கொடுத்தால் இரும்பும் புரதமும் சேர்ந்து தடுக்கும். சித்த மருந்தில் அயச்செந்தூரம், காந்தச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம், மண்டூரம் எல்லாமே இரும்புதான். நடுக்கத்துக்கென்று தரும் பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபாவே. இவற்றைச் சாப்பிட்டால் வைத்தியரிடமும் டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கொடுத்தபின் வரும் தொல்லைகள்

குமட்டல் வந்தால் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் இரண்டும் மூளையில் டோபமைனைத் தடுத்து ஆளை இறுக்கிவிடும். இரும்பைச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றினாலே பலருக்கு அடங்கும்.

பார்க்கின்சனே மலச்சிக்கலைத் தரும், இரும்பு அதைக் கூட்டும். தண்ணீரும் மேக்ரோகால் என்ற மலமிளக்கிப் பொடியும் உதவும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு இசப்கோல் வேண்டாம், தொண்டையில் உப்பி அடைக்கும். மலம் கரும்பச்சையாகக் கெட்டியாகப் போவது இரும்பால். தார்போல் கறுத்து, ஒட்டிக்கொண்டு, துர்நாற்றம் அடித்தால் அது ரத்தம்; அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதுவுமே ஒத்துவராதவருக்கு ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றலாம். குடலில் லெவோடோபாவோடு மோதும் பிரச்சினையே இல்லை. ஆனால் காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஏற்றக் கூடாது.

மாத்திரை தொடங்கி 4 வாரத்தில் ஹீமோகுளோபினைப் பாருங்கள். ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை சேரவில்லை, அல்லது எங்கோ ரத்தம் போகிறது. ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 என்ற அளவைத் தொட்டபின் இன்னும் 3 மாதம் கொடுத்து, ஃபெரிட்டினையும் சி.ஆர்.பி.யையும் மறுபடி எடுங்கள். கையிருப்பு நிரம்பியிருந்தால் டாக்டரைக் கேட்டு இரும்பை நிறுத்திவிட்டு, வீட்டில் ஒட்டிவைத்த மாத்திரைப் பட்டியலிலும் அந்த வரியை அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் கடைக்குப் போகும் பிள்ளை பழைய பட்டியலைப் பார்த்து மறுபடி வாங்கிவந்துவிடும்.