ஆறு மாத உடல்வலிக்குக் காரணம் தெரிந்தது

காலையில் எழுந்தால் தொடையும் இடுப்பும் அடித்துப் போட்டதுபோல் வலிக்கும். வேலை அலுப்பு என்று நினைத்தேன். மாத்திரை போட்டால் அரை நாள் தாங்கும், அப்புறம் மறுபடி அதே கதைதான். உடற்பயிற்சியால் வந்த வலி என்றால் சில நாளில் போயிருக்கும். எனக்கு ஆறு மாதம்.

மருத்துவர் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். துடித்துவிட்டேன். வலி தசையில் மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம். 20-க்குக் கீழே போனாலே குறைபாடு. தைராய்டு சரியாக இருந்தது.

வாரம் ஒரு வைட்டமின் டி மாத்திரை, எட்டு வாரம். கொழுப்பில் கரைவது என்பதால் சாப்பாட்டுக்குப் பின் போட்டேன். (பரிசோதிக்காமல் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.) ஆறாவது வாரம், தரையிலிருந்து கையூன்றாமல் எழுந்தேன்.