சாவி பூட்டுக்குள் முறிந்துவிட்டால்

சென்னையில் 19 ஆண்டுகளாக ஆக்டிங் டிரைவராக வேலை செய்கிறேன். சொந்தக் கார் இல்லை. வாரத்துக்கு ஐந்தாறு வீட்டு வண்டிகளை ஓட்டுகிறேன். அழைப்பவர்களில் பாதிக்கு மேல் வயதானவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள், வண்டி மாதத்தில் நான்கு நாள் வெளியே வந்தால் அதிகம். சாவி முறிவதை நான் அதிகமாகப் பார்த்தது இப்படி நிற்கும் வண்டிகளில்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், முறிந்த நிமிடத்தில் என்ன செய்வது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போன பங்குனியில் ஒரு பிரதோஷத்தன்று பெசன்ட் நகர் ஐயாவையும் அம்மாவையும் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். ஐயாவுக்கு எண்பதைக் கடந்த வயது, இரண்டு முழங்காலிலும் வலி. தரிசனம் முடிந்து வெளியே வர ஆறே முக்கால் ஆகிவிட்டது. தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் வண்டியை விட்டிருந்தேன். ரிமோட்டை அழுத்தினால் விளக்கு மினுங்கவில்லை. அதன் பேட்டரி தீர்ந்திருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவில் சாவியை நுழைத்துத் திருப்பினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ‘டிக்’ என்றது. சாவியின் கறுப்புத் தலை என் கையில், உலோக அலகு பூட்டுக்குள்.

அந்த நேரத்தில் முதலில் கவனிக்க வேண்டியவர்கள் கூட வந்தவர்கள். பக்கத்துப் பூக்கடைக்காரப் பெண் தன் முக்காலியை ஐயாவுக்குக் கொடுத்தார். அவர் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பூட்டைப் பார்க்கும் நிதானம் வந்தது. உங்களுக்கும் இதையே சொல்வேன். முதியவர் இருந்தால் உட்கார வையுங்கள், தண்ணீர் வாங்கிக் கொடுங்கள். ஒருவேளை பூட்டிய காருக்குள் குழந்தை மாட்டிக்கொண்டிருந்தால் சாவியை மறந்துவிடுங்கள். சென்னை வெயிலில் மூடிய கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். 112-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, குழந்தைக்குத் தொலைவில் இருக்கும் பக்கக் கண்ணாடியை அதன் மூலையில் ஓங்கி அடித்து உடையுங்கள். முன் கண்ணாடியில் அடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி, விரியுமே தவிர உதிராது.

அடுத்தது, கையில் இருக்கும் தலைப்பகுதியை எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி துவாரத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டு முனையும் பொருந்துவது போலத் தோன்றும், திருப்பிவிடலாம் என்று கை துடிக்கும். ஆனால் நடப்பது வேறு: உள்ளே இருக்கும் துண்டு இன்னும் ஆழமாகப் போய்விடும். நொடியில் ஒட்டும் பசையைத் தீக்குச்சி முனையில் தொட்டு ஒட்டி இழுக்கலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அந்தச் சந்திலேயே எனக்கு இரண்டு பேர் சொன்னார்கள். அந்தப் பசை ஒரு சொட்டு வழிந்தால் பூட்டே ஒட்டிக்கொள்ளும், பிறகு மாற்றுவதைத் தவிர வழி இல்லை. காந்தமும் பெரும்பாலும் உதவாது. சாவிகள் பல பித்தளையிலும் அதைச் சார்ந்த கலவைகளிலும் செய்யப்படுகின்றன. நிக்கல் பூச்சு இரும்பு போலக் காட்டும், காந்தம் இழுக்காது.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இதெல்லாம் ஏன் கூடாது என்பது விளங்கும். நடுவில் ஓர் உருளை. அதில் வரிசையாக மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்ததும் எல்லாத் தகடுகளும் உருளைக்குள் அடங்கி, உருளை சுழல வழி விடுகின்றன. முறிந்த துண்டின் வெட்டுகளில் இப்போது அந்தத் தகடுகள் உட்கார்ந்திருக்கின்றன. உருளை தன் பழைய நிலைக்கு, அதாவது சாவி நுழையும் நிலைக்கு, திரும்பியிருந்தால் மட்டுமே துண்டு வெளியே வரும். பாதி திரும்பிய நிலையில் எவ்வளவு இழுத்தாலும் வராது. எனவே கைபேசி விளக்கைக் காட்டித் துவாரத்தின் பிளவைப் பாருங்கள். சாய்ந்திருந்தால், மெல்லிய தட்டை ஸ்குரூ டிரைவரின் முனையைப் பிளவின் ஓரத்தில் வைத்து மெதுவாக நேராக்குங்கள். துண்டைத் தள்ளிவிடக் கூடாது. இந்த ஒரு வேலை சரியாக நடந்தால் மீதி பாதி முடிந்த மாதிரி.

கதவுப் பூட்டின் வாயில் தூசி புகாமலிருக்கப் பெரும்பாலும் ஒரு குட்டி மூடித் தகடு இருக்கும். அதை ஒரு குண்டூசியால் ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும், யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரேயை அதன் மெல்லிய குழாய் வழியாக ஓர் அழுத்து மட்டும் அடித்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது தூசியைச் சேர்த்து மெழுகாக்கும். 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய் என்பதால் மார்கழி விடியலில் பூட்டுக்குள்ளேயே கெட்டியாகும்.

துண்டு துளியாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. முனை மெலிந்த நோஸ் பிளையர் அல்லது நல்ல சாமணம் போதும். பிடித்து, நூலளவு மேலும் கீழும் அசைத்து, நேராக இழுங்கள். பெரிய கட்டிங் பிளையரால் கவ்வப் பார்த்தால் அதன் தடித்த வாய் துண்டை உள்ளே தள்ளிவிடும். புருவம் திருத்தும் சாமணம் பல கைப்பைகளில் இருக்கும், கேட்கத் தயங்க வேண்டாம்.

எனக்குத் துண்டு முழுக்க உள்ளே போயிருந்தது. கச்சேரி சாலைப் பக்கம் நடைபாதையில் குடை விரித்து உட்கார்ந்திருந்த சாவிக்காரப் பெரியவரைப் போய் அழைத்து வந்தேன். அவர் செய்ததை அருகில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், கேட்டும் தெரிந்துகொண்டேன். அவரிடம் இருந்தது நகைத் தொழிலாளிகள் தகடு அறுக்கும் ரம்பத்தின் பிளேடு, தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிமன். இரும்பறுக்கும் சாதாரண ஹேக்ஸா பிளேடு துவாரத்தில் நுழையாது. இந்தப் பிளேடு சௌகார்பேட்டையில் நகைத் தொழில் கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும். நான் இப்போது பையில் நான்கு வைத்திருக்கிறேன்.

பிளேடின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள்: ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் கவ்வும். நுழைக்கும்போது வழுக்க வேண்டும், இழுக்கும்போது கவ்வ வேண்டும். சாவியின் வெட்டு இருக்கும் ஓரத்தை ஒட்டி, பற்கள் சாவியைப் பார்க்காதபடி படுக்கையாக நுழையுங்கள். வெட்டுகளில் இரண்டு மூன்றைக் கடந்த பிறகு பிளேடைச் சற்றே முறுக்கினால் பற்கள் சாவியில் பதியும். அந்த முறுக்கை விடாமல் நேராக இழுங்கள். முதல் முறை மயிரிழை நகரும். அதுவே வெற்றி. மறுபடி நுழைத்து மறுபடி இழுங்கள். பெரியவர் இரண்டு பிளேடுகளை மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் நுழைத்து, துண்டை இடுக்கியால் பிடிப்பது போல இரண்டையும் சேர்த்து இழுத்தார். எட்டாவதோ ஒன்பதாவதோ முயற்சியில் பித்தளை முனை வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு சாமணம். மொத்தம் இருபது நிமிடம்.

பத்து முறை முயன்றும் அசையவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பிளேடும் உள்ளே முறிந்தால் வேலை இரட்டிப்பாகும். ஓரங்கள் நேராக இருந்து, நடுவில் பாம்பு போல வளைந்த பள்ளம் ஓடும் சாவியாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். அதற்குத் தனிக் கருவியும் பழகிய கையும் தேவை.

இக்னிஷனில், அதாவது இன்ஜினைக் கிளப்பும் சாவித் துவாரத்தில், முறிவது இன்னும் கவலையானது. அங்கே ஸ்ப்ரேயைத் தாராளமாக அடிக்கக் கூடாது, பின்னால் மின் இணைப்பு இருக்கிறது. ஸ்டீயரிங்கைச் சுற்றியுள்ள மூடியைக் கழற்றிப் பார்க்கவும் கூடாது. ஏர்பேக்குக்கான கம்பிகள் அங்கே ஓடுகின்றன. ‘ஆன்’ நிலையிலேயே முறிந்து இன்ஜின் ஓடாமல் இருந்தால் விளக்கு, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்து, கைப்பிரேக் போட்டு, கியரில் விட்டு, மெக்கானிக்கை அழையுங்கள். உதவி வர நேரமாகும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடலாம். ஆனால் இக்னிஷனில் சாவி முறிவதைப் பல நேரம் தடுத்துவிட முடியும். நிறுத்தும்போது சக்கரம் திரும்பியபடி இருந்தால் ஸ்டீயரிங் பூட்டு இறுகி, சாவி சுற்ற மறுக்கும். நம்மவர்கள் சாவியோடு மல்லுக்கு நிற்பார்கள். இடது கையால் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் அசைத்து, எந்தப் பக்கம் இளகுகிறதோ அந்தப் பக்கம் லேசாகப் பிடித்தபடி சாவியைத் திருப்புங்கள். வெண்ணெய் போலத் திரும்பும்.

மயிலாப்பூரில் எனக்குக் காலம் கடந்து தோன்றிய ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அலகு முறிந்தாலும் ரிமோட் தலை கையில்தானே இருக்கிறது! பெரியவர் பிளேடை எடுத்துக்கொண்டிருந்தபோதே நான் பக்கத்துக் கைக்கடிகாரக் கடைக்கு ஓடி, ரிமோட்டுக்குப் புதுப் பேட்டரி போட்டு வந்தேன். கதவுகள் உடனே திறந்துகொண்டன, ஐயா தன் இருக்கையில் சாய்ந்தார். சாவி திரும்ப மறுத்த முதல் நொடியிலேயே அந்தக் கடைக்குப் போயிருந்தால் எதுவும் முறிந்திருக்காது. பழைய பேட்டரியின் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 1620 என்றால் 16-ம் 2-ம். வீட்டில் மாற்றுச் சாவி இருந்து அதன் ரிமோட் வேலை செய்தால் அதுவும் கதவைத் திறக்கும். பொத்தானை அழுத்தி இன்ஜினைக் கிளப்பும் வண்டிகளில் கதவில் துண்டு இருந்தாலும் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

துண்டு வந்ததும் பெரியவர் இரண்டு துண்டுகளையும் ஒரு மரப்பலகையில் சேர்த்து வைத்துப் பார்த்து, புது அலகை அரத்தால் ராவி முடித்தார். அந்த அலகு பூட்டைத் திறக்கும், இக்னிஷனையும் சுற்றும், ஆனால் அது மட்டும் இருந்தால் இன்ஜின் ஓடாது. திருட்டைத் தடுக்கும் சிப் தலைப்பகுதிக்குள் இருக்கிறது; அதை அடையாளம் காணும் கம்பிச் சுருள் இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி இருக்கிறது. உடைந்த தலையைத் துவாரத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு புது அலகைத் திருப்பினேன், வண்டி கிளம்பியது. தலை தேவையில்லை என்று எறிந்திருந்தால் இழுவை வண்டிதான். பெரியவர் கேட்ட கூலி 450 ரூபாய். அந்த வெளிச்சத்தில், அந்த நேரத்தில் செய்த வேலைக்கு அது குறைவு என்று ஐயா கூடவே கொடுத்தார்.

வேலையைத் தொடங்கும் முன் பெரியவர் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யைக் காட்டச் சொன்னார். அது காருக்குள் இருந்ததால் ஐயாவின் கைபேசியில் டிஜிலாக்கரில் காட்டினோம். கேட்கிறாரே என்று வருத்தப்படாதீர்கள். கேட்காமல் திறப்பவரிடம்தான் உங்கள் வண்டியைக் கொடுக்கக் கூடாது. உடைந்த சாவியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பவும் வேண்டாம். தெளிவான படம் ஒன்றிருந்தால் அதைப் பார்த்தே சாவி செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நிற்கும் வண்டிகளில் ஏன் முறிகிறது என்று சொல்வதாகச் சொன்னேன். ரிமோட் வந்த பிறகு கதவுத் துவாரத்தில் சாவி நுழைவதே இல்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று பூட்டுக்குள் போய் வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது. வேளச்சேரியில் ஒரு வீட்டு வண்டி 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கதவுப்பிடி வரை மூழ்கியது. இன்ஜினையும் இருக்கைகளையும் சரி செய்தார்கள். பூட்டுக்குள் காய்ந்த சேற்றை யாரும் நினைக்கவில்லை, ஆறு மாதம் கழித்து அதிலும் சாவி முறிந்தது. சாவியைப் பலவீனமாக்குவதும் நாம்தான். பார்சல் பிரிக்கவும் டப்பா மூடி நெம்பவும் அதையே எடுக்கிறோம். ஆழமான வெட்டின் அடியில் மயிரிழை விரிசல் விழுகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

அதனால் துண்டை எடுத்ததோடு வேலை முடியவில்லை. இறுகிய பூட்டை அப்படியே விட்டால் புதுச் சாவியும் முறியும். ஸ்ப்ரே அடித்து, சாவியை நுழைத்து எடுத்து, துணியில் துடைத்து, கறுப்பு அழுக்கு வருவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். பெசன்ட் நகர் வண்டிக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது நான் போகும் எந்த வீட்டிலும் மாதத்தின் முதல் சவாரியில் ரிமோட்டைத் தொடாமல் சாவியால்தான் கதவைத் திறக்கிறேன். பெசன்ட் நகர் அம்மா தன் நாள்காட்டியில் ஒன்றாம் தேதிக்கு ‘சாவி’ என்று எழுதி வைத்திருக்கிறார்.

மாற்றுச் சாவி செய்வதாக இருந்தால் அசல் சாவியைக் கொடுத்துச் செய்யுங்கள். நகலின் நகலில் ஒவ்வொரு முறையும் பிழை கூடும். புது வண்டியோடு சாவி எண் பொறித்த ஒரு சின்னத் தகடு கொடுத்திருப்பார்கள். அந்த எண் இருந்தால் விற்பனையகத்தில் அசல் அளவிலேயே சாவி வெட்டி வாங்க முடியும். ஐயா வீட்டில் தேடியபோது அது காரின் டாஷ்போர்டுப் பெட்டியில், மாற்றுச் சாவியோடு ஒரே வளையத்தில் கிடந்தது. உங்களுடையதும் அங்கே இருந்தால் இரண்டையும் இன்றைக்கே எடுத்து வீட்டு அலமாரிக்கு மாற்றிவிடுங்கள்.