மீன் தொட்டிக்குள் அமோனியா: மலையகத்தில் நாம் விடும் பிழைகள்

ஹட்டன் பக்கத்தில் மலையிலிருந்து வழியும் பீலித் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். நம்மை ஏமாற்றுவதும் அந்தத் தெளிவுதான். மீனின் செவுளிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அமோனியாவுக்கு நிறமே இல்லை.

புதுத் தொட்டியில் முதல் நாளே பத்து கோல்ட் பிஷ் விடுவதுதான் பெரிய பிழை. நானும் விட்டேன். மூன்றாம் வாரம் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. செத்ததன் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன்; சிவப்பைக் காணோம், சாயத்தண்ணி நிறம். அது அமோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் செய்த வேலை. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க விடாது. பம்ப் ஓடினாலும் மீன் மூச்சுத் திணறும்.

அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பக்டீரியா பில்டரில் குடியேற வழக்கமாக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நுவரெலியாக் குளிரில் இன்னும் இழுக்கும். அதுவரை இரண்டு கப்பி மீன், ஒரு சிட்டிகை தீனி, அவ்வளவுதான். நைட்ரேட் மற்ற இரண்டையும்விடச் சாது. வாரம் கால்வாசித் தண்ணி மாற்றினால் அடங்கும்.

அடுத்தது, கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்கு வந்த டொலமைட் தூளிலோ வெற்றிலைச் சுண்ணாம்பிலோ ஒரு பிடி தொட்டியில் போடுவது. நல்லதென்று நினைத்துத்தான் போடுகிறார்கள். ஆனால் அமோனியாவுக்கு இரண்டு வேஷம்: அமிலத் தண்ணியில் அது பெரும்பாலும் அமோனியமாக, அதிகம் கடிக்காமல் கிடக்கும். சுண்ணாம்பு விழுந்து பிஎச் (தண்ணியின் அமில-கார அளவு) ஏறினால் விஷ வடிவத்துக்கு மாறும். 20 பாகை செல்சியஸில் பிஎச் 7 என்றால் நூற்றுக்கு 0.4 பங்குதான் விஷம். 8 ஆனால் ஏறத்தாழ 4 பங்கு, அதாவது பத்து மடங்கு. பழைய அழுக்குத் தொட்டியில் சுண்ணாம்பு போட்ட அன்றே மீன் சாவது இதனால்தான்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. லீட்டருக்கு 1 கிராம் போட்டால் அதிலுள்ள குளோரைட் நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழைய விடாமல் மறிக்கும். அமோனியாவைக் குறைக்க உப்பால் முடியாது. அதற்குத் தண்ணி மாற்றத்தான் வேண்டும்.

பில்டர் ஸ்பொஞ்சைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்காதீர்கள். தொட்டியில் எடுத்த தண்ணியிலேயே இரண்டு தரம் பிழிந்தால் போதும்.

தேயிலைக்கு யூரியா போட்டபின் பெய்யும் முதல் மழையில் கான் (வடிகால்) தண்ணி பிடிக்கவே வேண்டாம். யூரியா கரைந்து அமோனியாவாகும். உங்கள் பீலி எந்த மலைக்குக் கீழிருந்து வருகிறது என்று ஒருநாள் மேலே ஏறிப் பாருங்கள்.