நாலு என்று சொல்லப் போய் சாவு என்று சொன்னேன்: கற்பது கசக்காமல் இருக்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் நான் வழக்கமாகக் காய்கறி வாங்கும் சீன அக்காவிடம் ஒருநாள் கந்தோனீஸில் "நாலு" என்று சொல்லிப் பார்த்தேன். 'சேய்' என்பதைக் குரல் ஏறாமல் ஒரே மட்டத்தில் சொன்னால் நாலு, கடைசியில் மேலே இழுத்துவிட்டால் சாவு. நான் இழுத்துவிட்டேன். கையில் கத்தரிக்காயோடு நின்று, விடிந்தும் விடியாததுமாக, சாவு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மீன்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் ஒரு கட்டுக் கீரையைச் சும்மாவே பையில் போட்டு, சரியாக வரும்வரை என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

இதே மொழியை அதற்கு முந்தைய வருடம் கைப்பேசி ஆப்பில் 47 நாள் விடாமல் படித்தேன். தீபாவளி வேலையில் ஒருநாள் தவறியது, எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போனது, அன்றிரவே ஆப்பை அழித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் நான் மொழி படிக்கவே இல்லை, அந்த எண்ணைத்தான் வளர்த்துக்கொண்டிருந்தேன்.

தன்னை வளர்த்துக்கொள்வது என்று கிளம்புகிற பலர் முதலில் சறுக்குவது இந்தக் கணக்கில்தான். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று பேச்சாளர்கள் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அதன் வேர் 1960-இல் ஓர் அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் எழுதியது. மாறிய முகம் நோயாளிக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார் அவர், அந்தக் 'குறைந்தது' வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வர ஆன நாள் நடுவாக 66. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. இன்னொன்றும் அதில் உண்டு: நடுவில் ஒருநாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால் 47-ஆம் நாளில் நான் அவ்வளவு ஆத்திரப்பட்டிருக்க மாட்டேன்.

அடுத்த தவறு, அவமானத்தில் தொடங்குவது. கல்யாண வீட்டில் யாரோ ஒரு சித்தி "என்னப்பா, இப்படி ஊதிட்டே" என்பார், மறுநாளே காலணி வாங்க ஈப்போவுக்கு வண்டி எடுப்போம். நானும் வாங்கினேன், 289 வெள்ளி (ரிங்கிட்), இப்போது குளியலறை கழுவும்போது போட்டுக்கொள்கிறேன். ஒருவர் வாயை அடைக்க ஓடினால் ஒவ்வொரு ஓட்டமும் அபராதம் கட்டுவது போலத்தான் இருக்கும். அதில் இன்பம் எங்கிருந்து வரும்?

சரி, அபராதம் வேண்டாம், பரிசு கொடுத்தால்? இதில் எங்கள் வீட்டிலேயே சூடுபட்டோம். அக்கா மகனுக்கு எட்டு வயது, செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லாரிகளை வரைவதில் பைத்தியம். குலையின் முள், டயரில் ஒட்டிய செம்மண், பின்னால் தொங்கும் சிவப்புத் துணி வரைக்கும் இருக்கும். அக்கா ஆசையாக, படத்துக்கு ஒரு வெள்ளி தருகிறேன் என்றாள். ஒரு வாரத்தில் லாரி வெறும் பெட்டியானது, குலைகள் புள்ளிகளாயின, ஒருநாள் மட்டும் ஒன்பது படம் வந்தது. அக்கா காசை நிறுத்தினாள், அவன் வரைவதை நிறுத்தினான்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் செய்து 1973-இல் வெளியான சோதனை கிட்டத்தட்ட இதேதான். வரைவதை விரும்பும் பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு சொல்லாமல் கொடுத்தார்கள், மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மட்டும் மற்றவர்களில் ஏறக்குறைய பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே பிடித்த வேலைக்குக் கூலி பேசாதீர்கள், உங்களுக்கு நீங்களே பேசிக்கொள்ளும் கூலியும் இதில் சேர்த்தி. பிடிக்காத வேலைக்கு, கணக்குப் புத்தகம் எழுதுவது மாதிரியானவற்றுக்கு, முடித்ததும் ஒரு ரொட்டி சானாய் என்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அறிவிப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "இன்று முதல் தினமும் புத்தகம்" என்று போட்டதுமே இருபது கைதட்டல் வந்துவிடும், படித்து முடித்த திருப்தி அங்கேயே கிடைத்துவிடும், புத்தகம் மட்டும் பிரிக்காமல் கிடக்கும்.

பேராசையும் ஒரு தவறு. அப்பா முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தொடுவார், வெட்டினால் மறுபடி பால் ஊற மரத்துக்கு நேரம் வேண்டும். கத்தி பட்டையைச் சீவலாம், உள்ளே மரத்தைத் தொட்டுவிடக் கூடாது, தொட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பின்னால் அங்கே கத்தி ஓடாது. இருட்டோடு போவார், ஏனென்றால் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் பால் ஏந்தும் மங்கில் சொட்டுவது குறைந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்து, இரவு பத்து மணிக்கு, ஒரே வாரத்தில், ஓட்டம், கந்தோனீஸ், தியானம், கணினி வகுப்பு நான்கையும் தொடங்கினேன். அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தே ஓ (பாலில்லாத் தேநீர்) கலக்கிக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார்.

பிடித்ததை பிடிக்காததோடு கோர்த்துவிடுவது நல்ல தந்திரம். பழைய பாட்டு கேட்பது திடலைச் சுற்றி நடக்கும்போது மட்டும் என்று வைத்தேன், நடை பாரமாகத் தெரியவில்லை. ஆனால் அதையே முழுக்க நம்புவது தவறு. 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடற்பயிற்சிக்கூடத்தில் மட்டும் கேட்கலாம் என்று விறுவிறுப்பான ஒலிப்புத்தகம் கொடுக்கப்பட்டவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட 51 விழுக்காடு அதிகமாக வந்தார்கள், நவம்பர் விடுமுறை வந்ததும் அந்த வேகம் படுத்துவிட்டது. நமக்குத் தீபாவளி, தைப்பூசம், சீனப் புத்தாண்டு என்று அப்படி எத்தனை இடைவெளி! எனவே விடுமுறைக்கு முன்பே, திரும்பி வந்து எந்த நாளில், எந்த நேரத்தில் தொடங்குவது என்று முடிவு பண்ணி வைத்துவிடுங்கள். விட்ட நாட்களை ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

நான் சந்தைக்கு வாரம் இரண்டு தடவைதான் போகிறேன், தடவைக்கு மூன்று நான்கு சொல். போன மாதத்திலிருந்து அந்த அக்கா பதிலுக்குத் தமிழ் எண்கள் கேட்கிறார். ஆறு வரைக்கும் வந்துவிட்டார், ஏழில் நிற்கிறார், 'ஏலு' என்றுதான் வருகிறது. எங்கள் ஆட்களிலேயே பாதிப் பேருக்கு வராது என்று சொல்லி, எட்டுக்குப் போய்விட்டோம்.