உங்களை நீங்களே அழகாகப் படமெடுக்க காலை யன்னல் வெளிச்சம் போதும்

படுக்கையறையில் தனக்காகவே எடுத்துக்கொள்ளும் பூடுவார் (boudoir, உடலழகைக் காட்டும் அந்தரங்கமான) படத்துக்கு ஸ்டூடியோ தேவையில்லை. திருகோணமலையில் கடல் கிழக்கே. கிழக்குப் பக்க யன்னலில் காலை 7 மணிக்கே வெயில் நேராக அடிக்கும். மெல்லிய வெள்ளைத் திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டால் அந்த வெயில் பரவி, தோலில் மென்மையாக விழும். யன்னலுக்குப் பக்கவாட்டாக இருங்கள். ரியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் தோலின் நிறம் திட்டுத்திட்டாக மாறித் தெரியும்.

போனை 2 மீற்றர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் வைத்து, 10 விநாடி டைமர் போடுங்கள். கிட்ட வைத்தால் முன்னுக்கு நீட்டிய கையும் காலும் பெருத்துத் தெரியும். அது கிட்ட வைத்து எடுப்பதால் வருவது, உடம்பைக் குறை சொல்லவேண்டாம். ஏசி அறையிலிருந்து பல்கனிக்கு வந்தால் லென்ஸில் ஆவி படியும். 10, 15 நிமிடம் விட்டுத்தான் துடைக்கவேணும்.

இலாஸ்டிக் பதிந்த தழும்பு மறைய நேரம் எடுக்கும், ஆகவே எழும்பியதும் தளர்ந்த உடுப்பு. அம்மாவின் பழைய பருத்திச் சீலையைத் தோளில் சரியவிட்டாலே அத்தனை அழகு!

எடுக்கமுன் போன் படங்களைத் தானாகவே இணையத்தில் சேமிக்கும் பேக்அப்பை (backup) நிறுத்துங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே கூகுள் கணக்கென்றால் படம் மற்றவர் போனிலும் போய் நிற்கும். அழித்த படமும் குப்பைப் பெட்டியில் கிடக்கும். அதையும் காலி செய்யவேணும்.