சொந்த சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றும் படங்களெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேர ஆரம்பித்தன. அது நிரம்பிய வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுதான், மாதாமாதம் பணம் கட்டலாமா, பழைய படங்களை அழிக்கலாமா என்று. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து அதில் நெக்ஸ்ட்கிளவுட் போட்டுக்கொள்வது. படம், கோப்பு, காலண்டர், போன் நம்பர்கள் எல்லாம் அதில் அடங்கும். 2010-ல் இதே மாதிரி மென்பொருளான ஓன்கிளவுடைத் தொடங்கிய ஃபிராங்க் கார்லிட்செக் 2016-ல் அதிலிருந்து பிரிந்து வந்து தொடங்கியது இது. மூல நிரல் முழுவதும் திறந்தே இருக்கிறது, உரிமக் கட்டணம் கிடையாது.

கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து இங்கே தரப்போவதில்லை. அதிகாரப்பூர்வ ஆவணத்தில் அவை அப்படியே இருக்கின்றன, பதிப்பு மாறினால் அங்கேதான் திருத்துவார்கள். எது முதலில், எது அடுத்து, ஏன் அந்த வரிசை என்பது மட்டும் எந்த ஆவணத்திலும் ஒரே இடத்தில் இருக்காது, நான் தடுமாறியதும் அங்கேதான். மென்பொருளைப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் டாக்கரில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஆல்-இன்-ஒன் பொதியும் உண்டு, அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இருந்தாலும் முதல் தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கம் திறக்கவில்லை என்றால் எந்தக் கோப்பைப் பார்க்கவேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

வீட்டிலா, வாடகைக்கா?

மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பே போதுமே என்று முதலில் தோன்றும். போதும்தான், ஆனால் அதற்கு முன் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய் வெளிப்பக்க ஐபி என்ன என்று பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால் உங்களுக்குப் பொது ஐபி கிடையாது, ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வரமுடியாது. எங்கள் வீட்டு இணைப்பும் அப்படித்தான், அது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க போர்ட் ஃபார்வர்டிங் செய்துகொண்டிருந்தேன். வயர்கார்டு என்ற விபிஎன் வைத்து அதைச் சுற்றிப் போக வழி உண்டு, ஆனால் அது தனி வேலை. மின்வெட்டு வேறு இருக்கிறது. முதல் தடவைக்கு ஒரு விபிஎஸ் (பெரிய கணினி ஒன்றில் உங்களுக்கென்று ஒதுக்கிய பங்கு) வாடகைக்கு எடுங்கள் என்பதுதான் என் கருத்து. 2 ஜிபி ராம், இரண்டு கோர், உபுண்டு 24.04 லினக்ஸ் போதும், ஒரு குடும்பத்துக்குத் தாராளம். டிஸ்க் அளவைத்தான் யோசித்து எடுக்கவேண்டும், நிரம்புவது அதுதான்.

சர்வர் வந்ததும் முதல் வேலை டொமைன். ஒரு துணை டொமைன் வையுங்கள், நான் 'முகில்' என்று வைத்தேன். அதற்கு ஏ ரெக்கார்டில் (பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவு) சர்வரின் ஐபியைக் கொடுத்துவிட்டு மற்ற வேலைக்குப் போங்கள், நீங்கள் திரும்பி வருவதற்குள் அது பரவியிருக்கும். ஐபிவி6 சரியாக ஓடாத சர்வருக்கு, ஐபிவி6 முகவரிக்கான 'ஏஏஏஏ' ரெக்கார்டு போட்டுவைக்காதீர்கள். பழைய சர்வரின் 'ஏஏஏஏ' ரெக்கார்டு மறந்துபோய்க் கிடந்தாலும் இதே கதைதான்: பின்னால் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கும்போது சரிபார்ப்பு அந்த முகவரிக்குத்தான் முதலில் போகும், நீங்கள் உங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

அப்புறம் எஸ்எஸ்எச், அதாவது தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி. சாவி வைத்து நுழையும்படி செய்து, அந்தச் சாவியால் நுழைய முடிகிறதா என்று இன்னொரு டெர்மினலில் சோதித்துவிட்டு, அதன் பிறகுதான் பாஸ்வேர்டு நுழைவை அணைக்கவேண்டும். ஃபயர்வாலிலும் இதே மாதிரி, 22 (எஸ்எஸ்எச்), 80, 443 (இணையப் பக்கங்கள்) மூன்று போர்ட்டையும் அனுமதித்துவிட்டுப் பிறகு உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவை இயக்குங்கள். நான் மாற்றிச் செய்தேன். இயக்கிவிட்டு 'சரி, இப்போது 22-ஐத் திறக்கலாம்' என்று அமைப்பை எழுதப்போனால், அதற்குள் இணைப்பு அறுந்திருந்தது. வாடகை நிறுவனத்தின் தளத்தில் உலாவி வழியாகத் திறக்கும் கன்சோல் ஒன்று இருக்கும், அது எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள்களும் சான்றிதழும்

உபுண்டுவின் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக அப்பாச்சி (வெப் சர்வர்), மரியாடிபி (டேட்டாபேஸ்), பிஎச்பி (நெக்ஸ்ட்கிளவுட் எழுதப்பட்ட மொழி) மூன்றையும் நிறுவுங்கள். உபுண்டு 24.04-ல் பிஎச்பி 8.3 வரும். பிஎச்பியின் துணை மாட்யூல்கள் ஒரு பட்டாளமே வேண்டும்: ஜிடி, மைஎஸ்கியூஎல், கர்ல், எம்பிஸ்ட்ரிங், இன்டல், எக்ஸ்எம்எல், ஜிப், ஜிஎம்பி, பிசிமேத், ஏபிசியு, இமேஜிக். ஒன்றிரண்டு விட்டுப்போனால் பயமில்லை, எது இல்லை என்று நெக்ஸ்ட்கிளவுடே பெயர் சொல்லிக் கேட்கும்.

மரியாடிபியில் நெக்ஸ்ட்கிளவுடுக்கென்று தனி டேட்டாபேஸ், தனிப் பயனர், நீளமான பாஸ்வேர்டு. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரைக் கொடுத்துவிடாதீர்கள். எழுத்துக்குறியீடு யுடிஎஃப்8எம்பி4 என்று குறிப்பிட்டு உருவாக்குங்கள். தமிழுக்குப் பழைய யுடிஎஃப்8 போதும், தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுக்குள் அடங்கிவிடும். எமோஜிதான் நாலு பைட் கேட்கும், இன்றைக்கு ஃபோல்டர் பெயரில் எமோஜி வைக்காத பிள்ளைகள் உண்டா என்ன. எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸிலும் ஓடும் என்று நிறுவும் பக்கத்தில் ஒரு வாய்ப்பு காட்டும், அதைத் தொடவேண்டாம், நாலு போன் ஒரே நேரத்தில் படம் ஏற்ற ஆரம்பித்தால் திணறிவிடும்.

இப்போது சான்றிதழ். நெக்ஸ்ட்கிளவுடைப் போட்டு முடித்துவிட்டு, கடைசியில் எச்டிடிபிஎஸ் என்றுதான் பல வழிகாட்டிகளில் இருக்கும். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். காரணம் இருக்கிறது: நெக்ஸ்ட்கிளவுடைப் பிரித்துப் போட்டதும் அதன் முதல் பக்கம் 'நிர்வாகியின் பெயர், பாஸ்வேர்டு கொடு' என்று கேட்டபடி திறந்து கிடக்கும், யார் முதலில் வந்து நிரப்புகிறாரோ அவர்தான் நிர்வாகி. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் ஒவ்வொன்றும் பொதுப் பதிவேட்டில் ஏறும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், புதிய டொமைன் வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்களும் உண்டு. என் டொமைன் யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு அந்த நிமிடமே காலி. அதனால் அப்பாச்சியில் உங்கள் டொமைனுக்கு ஒரு விர்ச்சுவல் ஹோஸ்ட் (எந்த டொமைனுக்கு எந்த ஃபோல்டர் என்று சொல்லும் அமைப்பு) எழுதி, அது ஒரு காலி ஃபோல்டரைக் காட்டட்டும், அந்த நிலையிலேயே லெட்ஸ் என்க்ரிப்டிடம் கேட்டு வாங்கும் கருவியான செர்ட்பாட் ஓட்டி சான்றிதழ் வாங்கிவிடுங்கள். வீடு கட்டும் முன்பே பூட்டு வாங்குவது மாதிரிதான், ஆனால் இங்கே சாமான் இறக்கும்போதே திருடன் வாசலில் நிற்கிறான்.

செர்ட்பாடை முதலில் ஒத்திகையாக ஓட்டுங்கள், அதற்கென்றே ட்ரை-ரன் என்று ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை சரிபார்ப்பு தோற்றால் கொஞ்ச நேரம் காத்திரு என்று சொல்லிவிடுவார்கள். சான்றிதழ் 90 நாள் செல்லும், உபுண்டுவில் செர்ட்பாட் தானே புதுப்பித்துக்கொள்ளும், 80-ஆம் போர்ட்டை மட்டும் பிற்பாடு மூடிவிடாதீர்கள்.

நெக்ஸ்ட்கிளவுடை இறக்குவது

அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து பொதியை இறக்கி, கூடவே தரும் ஷா-256 எண்ணோடு (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டுவது) ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள். பிரித்த ஃபோல்டரின் உரிமை அப்பாச்சி எந்தப் பயனராக ஓடுகிறதோ அவருக்குப் போகவேண்டும், உபுண்டுவில் அதன் பெயர் www-data. உங்கள் படங்கள் வந்து சேரும் டேட்டா ஃபோல்டரை இதற்குள்ளேயே வைக்காதீர்கள், தானாக விட்டால் அங்கேதான் வைக்கும். வெப் சர்வரின் கண்ணில் படாத வேறு இடத்தில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதே பயனருக்கு உரிமை கொடுத்து வையுங்கள். நாளை அப்பாச்சி அமைப்பில் ஒரு வரி தப்பினாலும் குடும்பப் படங்கள் வெளியே தெரியாது, பெரிய டிஸ்க் வாங்கினாலும் அந்த ஃபோல்டரை மட்டும் மாற்றினால் போதும்.

உலாவியைத் திறக்கவேண்டாம். ஓசிசி என்று நெக்ஸ்ட்கிளவுடோடு ஒரு கட்டளைக் கருவி வருகிறது, அதன் 'மெயின்டனன்ஸ்: இன்ஸ்டால்' வழியாக டேட்டாபேஸ், டேட்டா ஃபோல்டர், நிர்வாகி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொடுத்து நிறுவி முடித்துவிடலாம். இதையும் ரூட்டாக ஓட்டாமல் அந்த அப்பாச்சிப் பயனராக ஓட்டவேண்டும். முடிந்ததும் கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் டாட் பிஎச்பியில் 'ட்ரஸ்டட் டொமைன்ஸ்' என்ற இடத்தில் உங்கள் டொமைனைச் சேர்த்துவிட்டு, விர்ச்சுவல் ஹோஸ்டைக் காலி ஃபோல்டரிலிருந்து இந்தப் பக்கம் திருப்புங்கள். அப்பாச்சியின் ரீரைட், ஹெடர்ஸ் மாட்யூல்களை இயக்க மறக்காதீர்கள். இப்போது உலாவியில் போனால் நுழைவுப் பக்கம் வரும்.

உள்ளே போய் நிர்வாக அமைப்புகளில் 'ஓவர்வியூ' பக்கத்தைத் திறந்தால் மஞ்சளும் சிவப்புமாக எச்சரிக்கை வரிசையாக நிற்கும், எல்லோருக்கும் வரும். முக்கியமானவை சில. பிஎச்பியின் நினைவக வரம்பு முதலில் 128 எம்பி இருக்கும், 512 ஆக்குங்கள். இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்: பிஎச்பி டாட் ஐஎன்ஐ என்ற பெயரில் இரண்டு கோப்பு உண்டு, ஒன்று அப்பாச்சிக்கு, ஒன்று கட்டளை வரிக்கு. கட்டளை வரிக்கானதை மாற்றிவிட்டு எச்சரிக்கை ஏன் போகவில்லை என்று நானும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஏபிசியுவை இடைநினைவகமாக வைத்தால் அதைக் கட்டளை வரிக்கும் தனியாக இயக்கவேண்டும், இல்லாவிட்டால் ஓசிசி முரண்டுபிடிக்கும். பின்னணி வேலைகள் ஏஜாக்ஸ் என்று இருக்கும், அதை கிரான் (நேரம் பார்த்து வேலைகளை ஓட்டும் லினக்ஸ் கருவி) என்று மாற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்பாச்சிப் பயனரின் பெயரில் ஓட வையுங்கள். நினைவகத்திலேயே ஓடும் டேட்டாபேஸான ரெடிஸ் போட்டுக் கோப்புப் பூட்டுதலை (ஒரே கோப்பை ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுப்பது) அதனிடம் விட்டால் பக்கம் திறக்கும் வேகமே மாறும். போன் எண்ணுக்கு எந்த நாடு என்று ஒரு எச்சரிக்கை வரும், இந்தியாவுக்கு ஐஎன் என்று கான்ஃபிக்கில் ஒரு வரி, அவ்வளவுதான்.

அடுத்து உங்களுக்கென்று ஒரு சாதாரணப் பயனர் கணக்கு. அன்றாட வேலைக்கு நிர்வாகிக் கணக்கைத் தொடாதீர்கள், அதற்கு இரண்டு அடுக்கு நுழைவும் போட்டுவிடுங்கள். அம்மா, அப்பா, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கணக்கு. போனில் செயலியை நிறுவித் தானாக ஏற்றுவதை இயக்கியதும், பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு விதிவிலக்கு கொடுங்கள். இல்லையென்றால் பல ஆண்ட்ராய்டு போன்கள் அதைத் தூங்க வைத்துவிடும், பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஒரு படம்கூட ஏறியிருக்காது.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விஷயம். லினக்ஸ் டிஸ்கில் கோப்புகளை வைக்கும் முறையான எக்ஸ்ட்4-ல் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. 'வாழ்த்துக்கள்' என்று எழுதினால் கண்ணுக்கு ஏழு எழுத்து, உள்ளே 13 குறிகள், 39 பைட். ஆறேழு நீளமான சொற்களில் வரம்பு முடிந்துவிடும். கல்யாணப் பத்திரிகையின் முழு வாசகத்தையும் கோப்புப் பெயராக வைத்திருந்த என் சித்தப்பாவின் ஸ்கேன்கள் ஏறாமல் நின்றது இதனால்தான்.

பேக்கப், அதையும் படம் ஏற்றும் முன்பே

பேக்கப் எடுக்கவேண்டியவை மூன்று: டேட்டா ஃபோல்டர், கான்ஃபிக் ஃபோல்டர், டேட்டாபேஸ். முதல் வருடம் டேட்டா ஃபோல்டரை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். சர்வரை மாற்றும்போது படங்கள் எல்லாம் பத்திரமாக வந்தன, ஓசிசியில் ஸ்கேன் ஓட்டினால் பட்டியலிலும் வந்துவிட்டன. காலண்டரும் போன் நம்பர்களும் வரவில்லை. அவை இருப்பது டேட்டாபேஸில், யாருக்கு எதைப் பகிர்ந்தோம் என்ற கணக்கும் அங்கேதான்.

யாரும் உள்ளே வராமல் தற்காலிகமாக மூடிவைக்கும் மெயின்டனன்ஸ் மோடை இயக்கி, டேட்டாபேஸை ஒரு கோப்பாக இறக்கி, மற்ற இரண்டையும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் நகலெடுத்து, மோடை அணைக்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். நகல் போகும் இடம் வேறு இடமாக இருக்கவேண்டும், அதே சர்வரின் இன்னொரு ஃபோல்டர் பேக்கப் ஆகாது. மூலையில் கிடந்த பழைய லேப்டாப்புக்கு இங்கேதான் வேலை. சர்வர் அதற்கு அனுப்பக்கூடாது, லேப்டாப்தான் சர்வரிலிருந்து இழுத்துக்கொள்ளவேண்டும். சர்வருக்குள் யாராவது புகுந்துவிட்டாலும் அங்கிருந்து உங்கள் நகலை அழிக்க வழியிருக்காது. உள்ளே போவதற்குத்தான் பொது ஐபி வேண்டும், வெளியே போய் இழுத்து வருவதற்குத் தேவையில்லை, வீட்டு இணைப்பே போதும்.

எடுத்த பேக்கப்பை ஒருமுறை மீட்டுப் பார்க்கவேண்டும். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சர்வரை எடுத்து, மூன்றையும் அதில் கொட்டி, நுழைய முடிகிறதா, காலண்டர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். ஒரு டீ செலவுதான் ஆகும். பெரிய அப்டேட்டுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் புது பேக்கப் எடுங்கள். நெக்ஸ்ட்கிளவுட் பதிப்பு 28-லிருந்து நேராக 30-க்குத் தாவ முடியாது, 29 வழியாகத்தான் போகவேண்டும், ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஏறக்குறைய ஒரு வருடம்தான் ஆதரவு. ரொம்ப நாள் சோம்பலாக விட்டால் ஏறவேண்டிய படிகள் கூடிப்போகும்.

இதெல்லாம் முடிந்தபின் கூகுளில் இருக்கும் பழைய படங்களை டேக்அவுட் என்ற அதன் ஏற்றுமதிச் சேவை வழியாக இறக்கலாம். படம் எடுத்த தேதி போன்ற விவரங்கள் ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஒரு ஜேசன் கோப்பில் வரும், அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு மாதமாவது இரண்டு பக்கமும் ஓடட்டும். அங்கே அழிப்பதற்கு முந்தின நாள் அந்த மீட்புச் சோதனையை இன்னொரு தடவை செய்துவிட்டு அழியுங்கள்.